ஜூனோ துறைமுகத்தில் பேட்சி ஆன்

அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலை வழியே போக முடியாது. பின்னால் மலையும் பனிப்பாறையும். முன்னால் காஸ்டினோ என்னும் குறுகிய கடற்பகுதி. கப்பலில் போக வேண்டும், இல்லையேல் விமானத்தில். சியாட்டலில் வேலை செய்யும் அக்காள் மகன் தயவால், 2023ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையில் நானும் என் மனைவியும் கப்பலில் போய் இறங்கினோம். நம் தோட்டத்து மழைபோல் கொட்டித் தீர்க்காமல், நசநசவென்று தூறிக்கொண்டே இருந்தது.

கரையில் எங்களை வரவேற்றது ஒரு நாய். உயிருள்ள நாயல்ல, வெண்கலச் சிலை. கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. இறங்குபவர்கள் அதன் தலையைத் தடவிவிட்டே நகர்கிறார்கள்.

பேட்சி ஆன் என்பது அதன் பெயர். 1929இல் போர்ட்லாந்து நகரில் பிறந்த வெள்ளைப் புல் டெரியர்; குட்டியிலேயே ஜூனோவுக்கு வந்துவிட்டது. வளர்த்த வீடுகளில் அது தங்கவில்லை. பகலெல்லாம் கடைகளிலும் ஹோட்டல்களிலும் கிடைத்ததைத் தின்று சுற்றும்; இரவில் துறைமுகத் தொழிலாளர் மண்டபத்தில் படுத்துக்கொள்ளும். ஆனால் கப்பல் வரும் நேரத்தில் மட்டும் எங்கிருந்தாலும் ஓடிவந்து துறையில் நிற்குமாம். ஒருமுறை கப்பல் எந்தத் துறைக்கு வருகிறது என்பதில் ஊர்மக்கள் தவறிப்போய் ஓரிடத்தில் கூடி நிற்க, பேட்சி ஆன் மட்டும் வேறு துறைக்குப் போய் உட்கார்ந்ததாம். கப்பலும் அங்கேதான் வந்து சேர்ந்தது என்று கதை சொல்கிறார்கள். 1934இல் நகர மேயரே அதற்கு ஜூனோவின் அதிகாரபூர்வ வரவேற்பாளர் என்று பட்டம் கொடுத்துவிட்டார்.

இதில் என்னைத் திகைக்க வைத்த செய்தி ஒன்றுண்டு. பேட்சி ஆனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது! கப்பலின் ஊதல் ஒலியை அது ஒருநாளும் கேட்டதில்லை. பிறகு எப்படித் தெரிந்துகொண்டது? அதிர்வா, வாசனையா, யாருக்கும் விளங்கவில்லை.

மழையில் நின்று இதைக் கேட்டபோது, எனக்கு என் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் நினைவு வந்தது. அவளுக்கும் காது கேட்காது. பாடம் ஏறாது என்று நானே முடிவுகட்டி, கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தேன். ஆனால் ஓய்வு மணி அடிக்கும் முன்பே உணவுப் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்பவள் அவள்தான். எப்படி என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. வாத்தியார் என்ற பெயர் மட்டும் பெரிது!

1942இல் பேட்சி ஆன் இறந்தபோது, சிறு பெட்டியில் வைத்து அந்தக் கடலிலேயே இறக்கியிருக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1992இல்தான் இந்தச் சிலை எழுந்தது. உலகின் பல பகுதிகளிலிருந்து நாய்களின் முடியை வரவழைத்து வெண்கலத்தோடு கலந்து வார்த்தார்களாம்.

மனைவி குடை பிடிக்க, நான் படம் எடுத்துக்கொண்டேன்.

பள்ளி திறந்ததும் அந்தப் பெண்ணை முன்வரிசைக்கு அழைத்தேன். படத்தைக் காட்டி, நாயின் காதைத் தொட்டு, 'இல்லை' என்று கையை ஆட்டினேன். அவள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். படத்தை மட்டும் திருப்பித் தரவில்லை.