கம்ப்ரஸரின் கணக்கு

ஒரு விமான இன்ஜின் ஓவர்ஹாலுக்கு வந்து இறங்கியதும், அதை அனுப்பிய விமான நிறுவனத்தின் பிரதிநிதி டர்பைனைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பார். பிளேடுகள் எப்படி இருக்கின்றன, எத்தனை தேறும், எத்தனை புதிதாக வாங்க வேண்டும் என்று கேட்பார். கேட்பதில் தவறில்லை. ஓவர்ஹால் பில்லில் பாதிக்கு மேல் உதிரிபாகங்களுக்குத்தான் போகிறது, அதிலும் டர்பைன் பிளேடுகளின் விலை யாரையும் கலங்கடிக்கும். கம்ப்ரஸர் பற்றிப் பேச்சு வரும்போது, “மேனுவல் அளவுக்குள் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், செலவைக் குறைக்கலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

சிங்கப்பூரில் இன்ஜின் ஓவர்ஹால் தொழிலில், எந்தப் பகுதியை எவ்வளவு தூரம் பிரிப்பது, எதைச் சரிசெய்வது, எதை மாற்றுவது என்று தீர்மானிக்கும் வொர்க்ஸ்கோப் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இந்த வேலை எனக்கு உறுதியாகக் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. கம்ப்ரஸர் கெட்டால் அதற்கான செலவு கம்ப்ரஸர் என்ற தலைப்பின் கீழ் வருவதில்லை. எரிபொருள் பில்லில் வரும், டர்பைன் பில்லில் வரும், இரண்டு வருடம் முன்னதாகக் கழற்ற வேண்டிவந்த இன்ஜினுக்குப் பதிலாக வாடகைக்கு எடுத்த மாற்று இன்ஜினுக்குக் கொடுத்த பணத்தில் வரும். கம்ப்ரஸர் செலவைக் கட்டுப்படுத்துவதென்றால் இந்தக் கணக்குகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது.

போயிங் 737 விமானங்களில் இருக்கும் சிஎஃப்எம்56-7பி இன்ஜினை எடுத்துக்கொள்வோம். அரக்கோணத்திலிருந்து இந்தியக் கடற்படை இயக்கும் பி-8ஐ விமானத்திலும் இதே குடும்ப இன்ஜின்தான். விசிறி, அதன் பின்னால் மூன்று நிலை பூஸ்டர், அதற்கும் பின்னால் ஒன்பது நிலை ஹை பிரஷர் கம்ப்ரஸர். அந்த ஒன்பது நிலைகளில் மட்டும் ஏறத்தாழ 600 சுழலும் பிளேடுகள். டேக் ஆஃப் நேரத்தில் காற்று ஏறக்குறைய 30 மடங்கு அழுத்தப்பட்டு, நெருப்பைப் பார்ப்பதற்கு முன்பே 500 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடுகிறது. டர்பைன் உற்பத்தி செய்யும் சக்தியின் பெரும்பங்கு இந்த அழுத்தும் வேலைக்கே செலவாகிறது.

ஆகவே கம்ப்ரஸரின் திறன் ஒரு சதவீதம் இறங்கினாலும், அதே உந்துவிசையைப் பெற அதிக எரிபொருளை எரித்தாக வேண்டும். வாயுவின் வெப்பம் ஏறும். அந்த ஏற்றத்தை நாங்கள் இஜிடி என்ற அளவில் பார்க்கிறோம், அதாவது டர்பைன் பகுதியில் அளக்கப்படும் வெளியேற்ற வாயு வெப்பநிலை. 7பி-க்கு அதன் சிவப்புக் கோடு 950 டிகிரி. டேக் ஆஃபில் இன்ஜின் காட்டும் வெப்பத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள இடைவெளிதான் மார்ஜின். புது இன்ஜின் முதல் ஓராயிரம் சைக்கிள்களில் மார்ஜினை வேகமாக இழக்கும், பிறகு மெதுவாக இழக்கும். ஒரு டேக் ஆஃபும் ஒரு லேண்டிங்கும் சேர்ந்தது ஒரு சைக்கிள். மார்ஜின் தீர்ந்தால் இன்ஜினைக் கழற்றியே ஆக வேண்டும். தீர்வதற்குள் டர்பைன் பிளேடுகள் கூடுதல் சூட்டில் வெந்துகொண்டிருக்கும். பிரதிநிதி கவலைப்பட்டுக் கேட்ட அந்த டர்பைன் பிளேடுகளை எரித்தது பல நேரங்களில் அவர் கேட்க மறந்த கம்ப்ரஸர்தான்.

கம்ப்ரஸர் மூன்று விதமாகக் கெடுகிறது. முதலாவது அழுக்கு: தூசியும் எண்ணெய்ப் புகையும் உப்பும் பிளேடுகளில் படிவது. இரண்டாவது அரிப்பு: மணல் துகள் பிளேடின் முன்விளிம்பைத் தின்பது. மூன்றாவது இடைவெளி: பிளேடு நுனிக்கும் சுற்றியிருக்கும் உறைக்கும் நடுவே உரசலால் இடம் பெரிதாவது. இன்ஜினைப் பிரித்துப் பார்த்தாலே அது எங்கே பறந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். வளைகுடா நாடுகளுக்கும் வட இந்தியக் கோடைக்கும் போய்வந்த இன்ஜினின் முன்விளிம்புகள் மழுங்கியிருக்கும். தீவுகளுக்கும் கடலோர நிலையங்களுக்கும் பறந்ததில் உப்பின் வேலை தெரியும்.

அழுக்குக்கு மருந்து கழுவுதல். பற்றவைக்காமல் ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுழற்றி, தாது நீக்கிய நீரை உள்ளே பீய்ச்சுவார்கள். இரவில், விமானம் நிற்கும் இடத்திலேயே சில மணி நேரத்தில் முடிந்துவிடும். நன்றாகச் செய்தால் 5 முதல் 15 டிகிரி வரை மார்ஜின் திரும்பக் கிடைக்கும். இந்தத் தொழிலில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தரும் வேலை வேறில்லை. ஆனாலும் விமானம் கிடைக்கவில்லை, ஆள் இல்லை என்று முதலில் தள்ளிப்போடப்படுவதும் இதுதான். ஒரு எல்லையும் உண்டு. கழுவினால் படிந்தது போகும், அரித்துப்போனது திரும்பாது.

அரிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் தவறான சிக்கனம் அதிகம் நடப்பது இங்கேதான். மேனுவலில் ஒவ்வொரு நிலை பிளேடுக்கும் குறைந்தபட்ச அகலம் கொடுத்திருப்பார்கள். அதைக் கோர்டு என்கிறோம். அரித்த பிளேடை அளந்து, கோர்டு எல்லைக்குள் இருந்தால் “சர்வீசபிள்” என்று முத்திரை குத்திவிடலாம். சட்டப்படி அதில் குறையில்லை. ஆனால் அந்தப் பிளேடைக் கையில் எடுத்து முன்விளிம்பில் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். புதுப் பிளேடில் நகம் வழுக்கிக்கொண்டு போகும், விளிம்பு மெல்லிய நீள்வட்டமாக வளைந்திருக்கும். மணல் தின்ற பிளேடில் அந்த வளைவு இருக்காது. வெட்டிவிட்டதுபோல் தட்டையான ஒரு முகம் இருக்கும், நகம் அதன் இரு ஓரங்களிலும் தட்டும். காற்று ஒட்டிப் பாய வேண்டிய இடத்தில் அந்தத் தட்டை முகம் சுழிப்பை உண்டாக்குகிறது. அகலம் சரி, வடிவம் போய்விட்டது.

மேனுவலின் எல்லை பாதுகாப்புக்கான எல்லை. இந்தப் பிளேடு உடையாது என்பதற்கு அது உத்தரவாதம். இந்தப் பிளேடோடு பறப்பது லாபம் என்று அது எங்கும் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றென்று நினைப்பவர்கள்தான் கழித்துப்போட வேண்டிய பிளேடைத் திருப்பிப் பூட்டி, மிச்சம் பிடித்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். புதிதாக வாங்குவதுதான் வழி என்பதும் இல்லை. கோர்டு போதுமான அளவு இருக்கும்போதே முன்விளிம்பை மீண்டும் நீள்வட்டமாகச் சீவிக் கொடுக்கலாம். இதை ரீகான்டூரிங் என்கிறோம். புதுப் பிளேடின் விலையில் சிறு பங்குக்கு முடிகிற வேலை. கோர்டு எல்லையைத் தொட்ட பிறகு சீவ அதில் உலோகம் மிச்சமிருக்காது. எனவே சீக்கிரம் செய்வதுதான் மலிவு.

நுனி இடைவெளி இன்னும் நுட்பமானது. பிளேடு உயரத்தில் ஒரு சதவீதம் இடைவெளி கூடினால் அந்த நிலையின் திறன் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை குறையும் என்பது இந்தத் துறையின் பழைய விதி. கடைசி நிலைகளில் பிளேடுகள் விரல்கணு உயரம்தான் இருக்கும். அங்கே முடியளவு இடைவெளிகூடப் பெரிய சதவீதம். நுனி குறைந்த பிளேடுகளுக்கு வெல்டிங்கில் உலோகம் ஏற்றி உயரத்தை மீட்கலாம். பிறகு எல்லாவற்றையும் ரோட்டரில் பூட்டி, ஒரே உயரத்துக்குச் சாணை பிடிக்க வேண்டும்.

பணிமனையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த அதிவேகச் சாணை இயந்திரம்தான். நின்ற நிலையில் பிளேடுகள் தத்தம் பள்ளங்களில் லேசாக ஆடிக்கொண்டிருக்கும், கையால் தொட்டால் கலகலக்கும். அந்த நிலையில் அளந்தால் அளவு பொய் சொல்லும். அதனால் முழு ரோட்டரையும் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழற்றுவார்கள். மையவிலக்கு விசையில் ஒவ்வொரு பிளேடும் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, பறக்கும்போது எங்கே உட்காருமோ அங்கே போய் உட்காரும். சுழலும்போதே லேசர் ஒவ்வொரு நுனியையும் அளக்க, சாணைக்கல் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு கணக்கில் நுனிகளைத் தொடும். கலகலத்த சத்தம் போய் ஒரே சீரான இரைச்சல் கேட்கும்போது, அந்த ரோட்டர் அடுத்த பல ஆயிரம் சைக்கிள்களுக்கு என்ன எரிபொருள் குடிக்கும் என்பதில் ஒரு பகுதி அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

இந்த நுட்பமான இயந்திரத்துக்கு நேரெதிரான எளிய மூலையும் ஒன்று உண்டு. கம்ப்ரஸரின் முன் நிலைகளில், சுழலாமல் நிற்கும் ஸ்டேட்டர் பிளேடுகள் வேகத்துக்கேற்பக் கோணம் மாற்றிக்கொள்ளும். 7பி-யில் நுழைவாயில் வரிசையும் அடுத்த மூன்று வரிசைகளும் அப்படித் திரும்புகின்றன. அவற்றைத் தாங்கும் புஷ்கள் மலிவான சாமான்கள், இன்ஜின் விலையோடு வைத்துப் பார்த்தால் சில்லறை. அவை தேய்ந்தால் ஒவ்வொரு பிளேடும் தன்னிஷ்டக் கோணத்தில் நிற்கும், காற்று பிளேடைவிட்டுப் பிரியும், கம்ப்ரஸர் ஸ்டால் ஆகும். வெடிச் சத்தத்தோடு ஸ்டால் ஆகித் திரும்பிய விமானம் ஒன்றுக்கு ஆகும் செலவில் எத்தனையோ இன்ஜின்களுக்குப் புஷ் வாங்கிவிடலாம். கம்ப்ரஸரைத் திறந்துவிட்டால் புஷ்களை மாற்றாமல் மூடக் கூடாது என்பதில் நான் யாரோடும் பேரம் பேசுவதில்லை.

எவ்வளவு தூரம் திறப்பது என்பதற்கு, பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் டிஸ்குகளின் ஆயுள்தான் அளவுகோல். 7பி-யின் ஹை பிரஷர் கம்ப்ரஸர் டிஸ்குகளுக்கு 20,000 சைக்கிள் வரை ஆயுள். அதன் பிறகு கண்ணுக்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் கழித்துவிட வேண்டும். ஓர் இன்ஜின் 11,500 சைக்கிளில் உள்ளே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டிஸ்கில் 8,500 மிச்சம். கம்ப்ரஸரை மேலோட்டமாகப் பார்த்து அனுப்பினால் பில் குறையும். ஆனால் மார்ஜின் 5,000 சைக்கிளில் தீர்ந்து இன்ஜின் திரும்பி வரும். அப்போது டிஸ்கில் இருக்கும் 3,500-ஐ நம்பி யாரும் இன்ஜின் கட்ட மாட்டார்கள். பயன்படுத்தாத ஆயுளோடு அது குப்பைக்குப் போகும். பல மில்லியன் டாலர் ஷாப் விசிட் ஒன்றும் முன்னதாகவே வந்து நிற்கும். இப்போதே கம்ப்ரஸரை முழுமையாக மீட்டிருந்தால் மார்ஜினும் டிஸ்கும் ஒன்றாகத் தீர்ந்திருக்கும். அதே சமயம், இன்னும் 3,000 சைக்கிளில் குத்தகை முடிந்து திருப்பிக் கொடுக்கப்போகும் இன்ஜினுக்கு முழு மீட்பு செய்வதும் வீண். அதிகம் செய்வதும் குறைவாகச் செய்வதும் கொள்கையாக இருக்க முடியாது. மார்ஜின், டிஸ்க் ஆயுள், விமான நிறுவனத்தின் திட்டம் மூன்றும் ஒரே தேதியில் முடியும்படி வேலையை வகுப்பதுதான் வொர்க்ஸ்கோப்.

இந்தக் கணக்கெல்லாம் நுழையக் கூடாத ஓர் இடம் டிஸ்க் பரிசோதனை. பிளேடு உடைந்தால் பெரும்பாலும் உறை தாங்கிக்கொள்ளும். பிளக்கும் டிஸ்கைத் தாங்கும் உறை கிடையாது. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் யுனைடெட் நிறுவனத்தின் டிசி-10 விமானம் விழுந்து 112 பேர் இறந்தார்கள். வால் இன்ஜினின் விசிறி டிஸ்க் பிளந்து ஹைட்ராலிக் அமைப்புகள் அனைத்தையும் முடக்கியிருந்தது. டைட்டானியம் உருக்கும்போதே உண்டான குறையிலிருந்து வளர்ந்த விரிசல் அது. ஒளிரும் சாயம் ஊடுருவவிட்டு இருட்டறையில் விரிசல் தேடும் எஃப்பிஐ பரிசோதனை, அந்த டிஸ்குக்கு விபத்துக்கு முந்தைய ஓவர்ஹாலில் நடந்திருந்தது. விரிசல் கண்ணில் படவில்லை. உலோகத்திலேயே பிறக்கும் குறை பழங்கதையும் அல்ல: 2023-ல் பிராட் அண்ட் விட்னியின் பிடபிள்யூ1100ஜி இன்ஜின்களில், டர்பைன், கம்ப்ரஸர் டிஸ்குகள் செய்த உலோகத் தூளில் மாசு கலந்திருந்தது தெரியவந்து, உலகெங்கும் நூற்றுக்கணக்கான இன்ஜின்கள் இறக்கப்பட்டன. அதில் இந்திய விமானங்களும் முடங்கின. எஃப்பிஐ செய்பவருக்கு நேரத்தையும் ஓய்வையும் குறைத்துச் சேமிக்கும் பணிமனை எதையும் சேமிக்கவில்லை.

பழைய இன்ஜின்களிலிருந்து எடுத்த நல்ல பாகங்களை வாங்குவது சரியான சிக்கனம். நானே பரிந்துரைக்கிறேன். ஆனால் பாகத்தோடு அதன் வரலாறும் வர வேண்டும். 2023-ல் லண்டனைச் சேர்ந்த ஒரு விற்பனை நிறுவனம் போலிச் சான்றிதழ்களோடு சிஎஃப்எம்56 பாகங்களை விற்றது வெளியானபோது, பல விமான நிறுவனங்கள் ஓடிக்கொண்டிருந்த இன்ஜின்களைக் கழற்றிப் பார்க்க நேர்ந்தது. காகிதம் சரியில்லாத மலிவுப் பாகத்தின் உண்மை விலை அன்று தெரிந்தது.

பணிமனைக்கு வெளியிலும் கம்ப்ரஸரின் ஆயுள் தீர்மானமாகிறது. ஓடுபாதை நீளமும் விமான எடையும் அனுமதிக்கும்போது குறைந்த உந்துவிசையில் டேக் ஆஃப் செய்யும் விமானி மார்ஜினைச் சேமிக்கிறார். இறங்கியபின் வேகம் குறைந்ததும் ரிவர்ஸ் த்ரஸ்ட்டை ஐடிலுக்குக் கொண்டுவரும் விமானி, தரையின் மணலும் கல்லும் கிளம்பி இன்ஜினுக்குள் போவதைத் தடுக்கிறார். ஓடுபாதையைக் கூட்டுபவரும் அந்தச் செலவுக் கட்டுப்பாட்டில் பங்காளி.

இந்தியாவில் இந்தத் தொழில் இப்போது வேகம் பிடிக்கிறது. 2020-ல் விமானப் பராமரிப்புக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. 2025 நவம்பரில் ஹைதராபாத்தில் லீப் வகை விமான இன்ஜின்களுக்கான சஃப்ரான் நிறுவனத்தின் பணிமனை திறக்கப்பட்டது. பாலிடெக்னிக் முடித்த நம் பிள்ளைகள் பலர் இந்த வேலைக்கு வருவார்கள். அவர்களிடம் நான் வேண்டுவது இரண்டு. பிரிக்கும் ஒவ்வொரு கம்ப்ரஸரிலும் கண்டதை, அந்த இன்ஜின் பறந்த ஊர்களோடும் கழுவிய தேதிகளோடும் சேர்த்து எழுதி வையுங்கள். அடுத்த இன்ஜினின் வொர்க்ஸ்கோப்பை அந்தக் குறிப்புகள்தான் எழுதும். இரண்டாவது, யாராவது ஒரு வேலையை நீக்கி மிச்சம் பிடித்தேன் என்று சொன்னால், அந்தப் பணம் எந்த வருடத்தில் எந்தத் தலைப்பில் திரும்பி வரும் என்று கேளுங்கள். வராது என்று கணக்குக் காட்டினால் அது உண்மையான சிக்கனம், தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள். காட்ட முடியவில்லை என்றால் கம்ப்ரஸரைத் திறங்கள்.