நீர்மணமும் நிலையாமையும்

மணம் பிருதிவிக்கே உரிய குணம் என்பது நம் முன்னோர் துணிபு. ஆகாயத்துக்கு ஓசை ஒன்றே. வாயுவுக்கு அதனோடு ஊறு. தேயுவுக்கு அவற்றோடு ஒளி. அப்புவுக்கு அவற்றோடு சுவை. ஐந்தாவதாகிய நாற்றம் பிருதிவி ஒன்றற்கே உண்டு. நீரில் மணம் தோன்றுமாயின், அஃது ஆண்டுக் கலந்த மண்ணின் கூற்றால் வந்ததேயன்றி நீருக்கு இயல்பன்று எனத் தருக்க நூலாரும் கூறுவர். மடத்திற் பாடங்கேட்ட இளமைக்காலத்தே நெட்டுருச் செய்த இக்கொள்கையை, 66-ஆம் அகவையில் ஒரு சிறு நீலக்குப்பி மீண்டும் என்னைச் சிந்திக்கச் செய்தது.

மேல்நாட்டில் வாழும் என் மாணாக்கர் ஒருவர் சென்ற சித்திரையில் என்னைக் காணவந்து, "ஐயா, இது கோடைக்கு ஏற்றது, கடலின் மணம் உடையது" என்று சொல்லி அக்குப்பியைக் கையுறையாக வைத்தார். நீருக்கு மணமில்லை என்று கற்பித்த ஆசிரியனுக்கு நீர்மணத்தையே காணிக்கையாக்கிய அவர்தம் குறும்பு எனக்கு உவகை தந்தது. இவ்வகை மணநீரின் வரலாறாக அவர் சொல்லியனவும், பின்னர் யான் படித்தறிந்தனவும் வருமாறு.

1966-ஆம் ஆண்டில் ஃபைசர் என்னும் மருந்து நிறுவனத்தைச் சார்ந்த இரசாயன நூலார், இப்பொழுது 'கலோன்' என வழங்கும் பொருளைக் கண்டனர். கடற்காற்றையும் தர்ப்பூசணியையும் ஒருங்கே நினைப்பிக்கும் மணம் அதற்கு உண்டு. பழுப்பு நிறக் கடற்பாசிகள் இனப்பெருக்கத்தின்பொருட்டு நீரில் விடும் சில பொருள்களை அஃது அமைப்பில் ஒத்தது என்பர். 1988-இல் பியேர் பூர்தோன் என்பார் டேவிடாஃப் நிறுவனத்துக்கு அமைத்த 'கூல் வாட்டர்', 1992-இல் ஜாக் கவாலியே என்பார் இசே மியாக்கேயின் பெயரால் அமைத்த 'லோ திசே' முதலியவற்றால் நீர்மணம் என்பதொரு வகை உலகெங்கும் பரவிற்று. பின்னையதில் கலோன் சிறப்பாக ஆளப்பட்டது. இத்தகைய குப்பிகளில் உள்ள நீர் சிறிதே, பெரும்பகுதி எரிசாராயம், மணப்பொருள் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரையில் இருக்கும். ஆகலின் நீர்மணம் எனப்படுவது நீரின் மணமன்று. நீரை நினைப்பிக்கும் பிறபொருள்களின் மணமே என்க.

அற்றேல், கடற்கரையில் நிற்பார்க்கு ஒரு மணம் தோன்றுகின்றதே, அது கடலுக்கு உரியதன்றோ எனின், அன்று. கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசிகள் இறந்தோ, பிறவுயிர்க்கு இரையாகியோ சிதையும்பொழுது, அவற்றினுள் இருந்த பொருளொன்றை நுண்கிருமிகள் பிரித்து, டைமெதில் சல்பைடு என்னும் கந்தகம் பொருந்திய ஆவியாக்கும். கடல்மணத்தின் சிறந்த கூறு அதுவே. இச்செயலுக்குரிய மரபணு ஒன்றை இங்கிலாந்திலுள்ள கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2007-இல் கண்டு வெளியிட்டனர். கடற்பறவைகளுட் சில இம்மணத்தையே பற்றுக்கோடாகக் கொண்டு இரையுள்ள இடத்தை அறியும். புத்துயிர் தருவதென்று நாம் நெஞ்சார முகரும் கடற்காற்றில் எண்ணிறந்த சிற்றுயிர்களின் இறப்புக் கலந்துள்ளது.

இதனைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. ஈராண்டின்முன் என் மனைவி சிவபதம் எய்தினாள். காவிரிப்பூம்பட்டினத்துச் சங்கமுகத்தில் அவள் அஸ்தியைக் கரைத்து நின்றபொழுது என்மேல் வந்து வீசியது அக்காற்றே. அவளோ நீருக்கு மணமூட்டுதலில் வல்லவள். பங்குனி பிறந்தவுடன் புதுப்பானை வாங்கி, அதன் நீரில் வெட்டிவேரை முடிந்து இடுவாள். பாதிரிப்பூவைச் சேர்ந்த புதுமட்கலம் தன்கண் உள்ள நீருக்கும் மணத்தைத் தரும் என்று நாலடியாரில் வரும் உவமையை யான் பிள்ளைகட்கு விரித்துரைக்கும்பொழுது, அப்பானை நீரை முகந்துவந்து அவர்கட்குக் கொடுப்பாள். என் உரையினும் அந்நீரே அவர்கட்கு நன்கு விளங்கிற்று. அவ்வேரிற் சிறிது அவளுடைய புடைவைப் பெட்டியிலும் இருக்கும். அவள் சென்றபின் அப்பெட்டி மூடியே கிடந்தது. திறந்தால் மணம் குறையும். திறவாவிடின் மணம் உண்டென்று அறிதற்கு வழியில்லை. இவ்விரண்டினிடையே ஈராண்டு கழிந்தது.

மாணாக்கர் தந்த மணநீரை ஒருநாள் முன்கையில் இட்டு நோக்கினேன். புதினாவை ஒத்த தண்மை அரை நாழிகையில் அகன்றது. அதன்பின் பூமணம் எழுந்து நண்பகலளவும் நின்றது. மாலையில் மரத்தின் மணம் மெலிதாக எஞ்சிற்று. விரைந்து ஆவியாவனவற்றை முதலிலும், மெல்ல ஆவியாவனவற்றைக் கடையிலும் தோன்றுமாறு அமைத்தலே மணம் வகுப்பார் தொழில். ஒரு பொருளின் நுண்கூறு அப்பொருளை விட்டுப் பிரிந்து, காற்றோடு கலந்து, மூக்கை எய்தினாலன்றி மணம் புலனாகாது. கோடையின் வெப்பம் அப்பிரிவை விரைவிக்கும். அதனாற்றான் கோடையில் மணம் மிகும், விரைவில் மாயும். நீங்குதலே மணத்தலாதலின், நீங்காத மணம் என்று ஒன்று இல்லை. யாக்கையின் இயல்பும் இதுவே. ஒருவர் நம்மோடு பேசிய சொல்லும், இட்ட உணவும், செய்த உதவியும் அவர்தம் வாழ்நாள் கழிந்துகொண்டிருந்தமையாலேயே நமக்குக் கிடைத்தன.

ஒடுக்க முறையில் பிருதிவியே முதற்கண் ஒடுங்கும் என்று நூல்கள் கூறும். ஆகவே கடைசியில் வந்த மணம் முதலிற் போதல் முறையேயாம். ஆயின் நீர், தான் சார்ந்த மணத்தைத் தன்னதாகக் காட்டி நிற்பதுபோல, உயிரும் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது. மண்ணைச் சார்ந்தபொழுது மண்ணின் மணமும், அருளைச் சார்ந்தபொழுது அருளின் மணமும் அதற்கு உளவாம். சார்ந்த மணம் நீங்கியவழி நீர் அழிவதில்லை. யாக்கை நீங்கியவழி உயிரும் அழிவதில்லை. இக்கொள்கையைப் பலர்க்கு யான் உரைத்ததுண்டு. எனக்கே அஃது ஆறுதலாக வந்தது இப்பொழுதே.

வைகாசி முதல்நாளில் அப்பெட்டியைத் திறந்தேன். மணம் எழுந்தது, சிறிது நேரம் இருந்து முகர்ந்தேன். புடைவைகளை அவள் தங்கையின் மகளிர்க்குக் கொடுத்தேன். உலர்ந்து கிடந்த வேரைப் புதுப்பானை நீரில் இட, அது நனைந்து மீண்டும் மணந்தது. அன்று நாலடியார் கேட்க வந்த பிள்ளைகள் அந்நீரைப் பருகினர்.

மணத்தை இகழ்தலும் வேண்டா, மூடிவைத்தலும் வேண்டா. இறைவன் உயிர்க்குத் தந்த தனு கரண புவன போகங்கள் யாவும் உய்திக்கு உதவிப் பின் நீங்குவன. நீங்குமளவும் அவை பிறர்க்குப் பயன்படச் செய்வதே நம் கடன். அதற்குத் திருவருள் துணைநிற்க.