கண்ணாடிப் படகா, கடலுக்குள்ளா?

எங்கள் பெரியநாயக்கன்பாளையத்தில் மேற்கே பார்த்தால் குருடிமலை தெரியும். கடலைப் பார்ப்பதென்றால் பாலக்காட்டைத் தாண்டிக் கொச்சிக்குப் போக வேண்டும். அப்படிப்பட்ட எங்களை, 2019 பிப்ரவரியில், ஐந்து நாள் லட்சத்தீவுக் கப்பல் பயணத்துக்கு அழைத்துப் போனார் என் கணவர். நானும் இவரும் என் மாமியாரும். தீவுக்குள் நுழைய அனுமதி வாங்க வேண்டும் என்பதால் மூன்று மாதத்துக்கு முன்பே ஏற்பாடெல்லாம் முடிந்துவிட்டது. இரவில் கப்பலில் தூக்கம். பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று ஒவ்வொரு தீவாகச் சுற்றிப் பார்க்கலாம்.

எல்லாம் சரிதான். ஆனால் கிளம்புகிற சமயத்தில் எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் இப்படித்தான் ஊரெல்லாம் சொல்லி, பூரித்து, மூன்றாம் மாதமே இல்லை என்றாகிப் போனது. அந்த வீட்டு மௌனத்தை மறுபடி பார்க்க எனக்குத் தெம்பில்லை. 'ஊர் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று மனசுக்குள் பூட்டு போட்டுக்கொண்டேன்.

முதல் ராத்திரியே கப்பல் ஆட்டத்தில் எனக்கு ஒரே குமட்டல். கடல் மயக்கமோ, மற்றதோ, எனக்கே புரியவில்லை. இவர் மாத்திரையை நீட்டினார். "வேண்டாமுங்க, எலுமிச்சம்பழம் போதும்" என்று முகர்ந்துகொண்டே படுத்துவிட்டேன். மாமியார் கீழ்ப் படுக்கையிலிருந்து ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் கவரத்தி. கடலுக்கடியில் இருக்கும் பவளப் பாறைகளைப் பார்க்க மூன்று வழி. ஒன்று, கண்ணாடி அடித்தளம் போட்ட படகு. உட்கார்ந்த இடத்திலிருந்தே குனிந்து பார்க்கலாம். இரண்டாவது, முகமூடியும் மூச்சுக் குழாயும் மாட்டிக்கொண்டு தண்ணீரின் மேலாகவே மிதந்து பார்ப்பது, ஸ்நார்க்கலிங் என்கிறார்கள். மூன்றாவது ஸ்கூபா. முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு, கூடவே ஒரு பயிற்சியாளர் வர, உள்ளேயே முங்கிப் போவது.

இவர் ஆசை ஆசையாக எங்கள் இருவர் பெயரையும் ஸ்கூபாவுக்குக் கொடுத்துவிட்டார். "கண்ணாடிப் படகெல்லாம் வயசானவங்களுக்கு. இவ்வளவு தூரம் வந்துட்டு மேல உக்காந்து பாக்கறதா?" என்றார். சுற்றி நின்ற இளசுகளும் சிரித்தார்கள். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது.

கையெழுத்துப் போட ஒரு தாளைக் கொடுத்தார்கள். ஆஸ்துமா உண்டா, இருதய நோய் உண்டா, காதில் சீழ் வந்ததுண்டா என்று வரிசையாகக் கேள்விகள். ஆம், இல்லை என்று குறித்தால் போதும். நடுவில் ஒன்று: கர்ப்பமாக இருக்கிறீர்களா, அல்லது இருக்கலாம் என்ற சந்தேகம் உண்டா?

பேனா நின்றுவிட்டது. 'ஆம்' என்று போட்டால் இவருக்குத் தெரிந்துவிடும்; மறுபடி ஆசை, மறுபடி பயம். 'இல்லை' என்று போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு அரை மணி நேரம்தானே? கை 'இல்லை'ப் பக்கம் போனதும் உண்மை.

அப்போதுதான் மாமியார் வந்து தாளின் மேல் கையை வைத்தார். "ஏஞ்சாமி, அம்மிணி என்ற கூட வரட்டும். எனக்குத் தனியாப் படகேறப் பயமா இருக்குது" என்றார் மகனிடம். நாற்பதடிக் கிணற்றில் தலைகீழாகக் குதித்து நீச்சல் பழகிய பெண்மணி அவர்! பயமாவது ஒன்றாவது.

இவர் முகம் வாடியது. ஆனாலும் தாய் சொல்லைத் தட்டவில்லை. தனியாகவே முங்கப் போனார்.

படகு நகர்ந்ததும் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எத்தனை நாளாச்சு?" என்று மெல்லக் கேட்டார்.

"பத்து நாளாச்சுங்கத்தை."

"மாத்திரை வேண்டாம்னியே, அப்பவே நெனச்சேன். நான் ஆருகிட்டயும் சொல்லலே. உனக்கு எப்பச் சொல்லோணும்னு தோணுதோ, அப்பச் சொல்லு."

அந்தக் கண்ணாடி வழியே நான் முதலில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகுதான் எல்லாம் தெளிந்தது. மான்கொம்பு மாதிரி கிளை விட்ட பவளம், கிளிமூக்கு வைத்த மீன்கள், வெள்ளை மணலில் அசையாமல் கிடந்த கடல் அட்டை. ஓர் ஆமை படகுக்கு அடியிலேயே நிதானமாக நீந்திப் போனது. "நம்ம கெணத்துக்குள்ள ஒரு தோட்டம் போட்டாப்பல இருக்குது" என்றார் மாமியார். பவளம் கல்லல்ல, உயிருள்ள பிராணி, கடல் நீர் அதிகம் சூடேறினாலே வெளுத்துப்போகும் என்று படகுக்காரர் விளக்கினார்.

ஊர் திரும்பியதும் டாக்டரம்மாவிடம் போனோம். சந்தேகம் உண்மைதான். 'கடலுக்குள் முங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?' என்று கேட்டேன். அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். தண்ணீரில் ஏறத்தாழ 33 அடி இறங்கினால், தரையில் இருப்பதைப் போல் இரு மடங்கு அழுத்தம் நம் உடம்பின் மேல் விழுகிறது. உருளையிலிருந்து சுவாசிக்கும் நைட்ரஜன் ரத்தத்தில் அதிகமாகக் கரைகிறது. மேலே வரும்போது, சோடா பாட்டிலைத் திறந்தாற்போல, அது குமிழியாகலாம். பெரியவர்களுக்கு நுரையீரல் அதை ஓரளவு வடிகட்டிவிடும். வயிற்றுப் பிள்ளையின் நுரையீரலோ இன்னும் வேலை செய்யத் தொடங்கியிருக்காது. அதனால்தான் கர்ப்பிணிகளுக்கும், சந்தேகம் உள்ளவர்களுக்கும் ஸ்கூபா கூடாது என்கிறார்கள். தெரியாமல் முங்கிவிட்டவர்கள் கலங்க வேண்டாம்; டாக்டரிடம் ஒளிக்காமல் சொன்னால் போதும்.

மற்றவர்களும் கவனியுங்கள். சளி பிடித்திருந்தால் முங்காதீர்கள். காது அடைத்து, ஜவ்வு கிழியக்கூடும். மூச்சிரைப்பு, இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. நீச்சல் தெரியாதவர்கள் மேலாக மிதப்பதானாலும் மிதவைச் சட்டையும் பக்கத்தில் ஓர் ஆளும் வேண்டும். முங்கிவிட்டு விமானத்தில் திரும்புகிறவர்கள் 18 மணி நேரமாவது கழித்து ஏறுவது நல்லது. கர்ப்பிணிகள் கடல் மயக்க மாத்திரையையும் டாக்டரைக் கேட்டே போட வேண்டும்.

அன்றைக்கு ஈரத் தலையோடு ஓடி வந்த இவர், "நீ வந்திருக்கோணும், எப்படி இருந்துது தெரியுமா!" என்று குதித்தார். மாமியார் என்னைப் பார்த்தார். நான் அன்று இரவு கப்பலின் மேல்தளத்தில் அவரிடம் சொன்னேன். வெகுநேரம் ஒன்றுமே பேசவில்லை அவர். மறுநாள் கல்பேனியில் சிறு படகில் இறங்கும்போது, என் கையை விடவே இல்லை.

அக்டோபரில் மகள் பிறந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். "எனக்குக் கடலுக்குள்ள மீன் காட்டுங்க" என்று நச்சரிக்கிறாள். கண்ணாடிப் படகில்தான் ஆரம்பம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பாட்டியும் கூட வருகிறாராம். தனியாகப் படகேற அவருக்குப் பயமாம்!