சுவரைப் பார்த்து அடிக்கும் வெளிச்சம்

கானாடுகாத்தான் வீடுகளில் கல்யாணப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு முதல் தலைவலி பர்மா தேக்கு. முகப்பிலும் பட்டாலையிலும் தலைக்கு மேல் ஓடும் அந்த மரக்கூரை வருஷக்கணக்கில் கறுத்துப் போயிருக்கிறது. கேமரா மேல் மாட்டிய ஃபிளாஷை அதை நோக்கித் திருப்பி அடித்தால் போன வெளிச்சம் திரும்பி வருவதில்லை. வருகிற கொஞ்சநஞ்சமும் பழுப்பேறித்தான் வரும். சுவர் அப்படியில்லை. சுண்ணாம்போடு சிப்பியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த செட்டிநாட்டுப் பூச்சு இன்றும் கை வைத்தால் வழுக்குகிறது. பட்ட வெளிச்சத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளத் தெரியாத சுவர்.

தை முகூர்த்தம் ஒன்றில் காரைக்குடி ஸ்டூடியோக்காரர் ஒருவரின் குழுவோடு ஒட்டிக்கொண்டேன். கூரைக்குக் கீழே நடக்கும் விசேஷங்களில் படம் எடுப்பவர்கள் ஃபிளாஷை எப்படிப் பார்த்து வாங்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் போனது. குழுவில் எல்லோருக்கும் அவர் ‘அண்ணன்’. ஐம்பதைத் தாண்டியவர், பிலிம் காலத்தில் தொழிலுக்கு வந்தவர். அவரிடம் வேலை பழகும் தம்பி ஒருவர், வீடியோவுக்கு இருவர், எல்இடி விளக்கைத் தூக்கிப் பிடிக்க ஒரு பையன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணன் கேமராவை எடுக்கவில்லை. ஃபிளாஷை மட்டும் இடது கையில் பிடித்து, தோளுக்குப் பின்னால் இருந்த சுவரை நோக்கிச் சாய்த்து, டெஸ்ட் பட்டனை அழுத்தினார். அவர் பார்த்தது சுவரை அல்ல, முன்னால் நீட்டியிருந்த தன் வலது உள்ளங்கையை. விரல் இடுக்குகளில் விழுந்த நிழலின் ஓரம் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்று மறுபடி அடித்தார். “இந்த எடம்தான். கூரைய மறந்துரு” என்றார் தம்பியிடம். பிறகு பையிலிருந்து கறுப்பு ஃபோம் துண்டு ஒன்றை எடுத்து, ஃபிளாஷ் தலையின் ஒரு பக்கத்தில் ரப்பர் பேண்டால் கட்டினார். நேர்வெளிச்சம் எதிரில் நிற்பவர் முகத்தில் கசியாமல் இருக்க அது. பையிலிருந்த சாமான்களிலேயே விலை குறைந்தது அதுவாகத்தான் இருக்கும்.

கடைக்குப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது பெட்டி மேல் போட்டிருக்கும் கைடு நம்பர், ஃபிளாஷின் சக்தியைச் சொல்லும் எண். 2012இல் வந்த கேனன் 600இஎக்ஸ்-ஆர்டி தன் பெயரிலேயே அந்த அறுபதைச் சுமக்கிறது. ஆனால் அந்த அறுபது, ஃபிளாஷின் தலை 200 மி.மீ. லென்ஸுக்கு ஏற்றபடி வெளிச்சத்தைக் குவித்து அனுப்பும்போது, ஐஎஸ்ஓ 100இல் வரும் கணக்கு. கல்யாண வீட்டு நெரிசலில் 200 மி.மீ. லென்ஸுக்கு எங்கே இடம்? 24 மி.மீ.க்கு விரித்தால் அதே ஃபிளாஷின் எண் 28 ஆகிவிடுகிறது. லென்ஸை எஃப் 4இல் வைத்து, எண்ணை நான்கால் வகுத்தால் வெளிச்சம் எட்டும் தூரம் ஏழு மீட்டர். அதுவும் நேராக அடித்தால்தான். சுவரில் பட்டுத் திரும்பும்போது போகிற தூரமும் வருகிற தூரமும் சேரும், சுவர் தன் பங்குக்குக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். நல்ல வெள்ளைச் சுவரிலேயே இரண்டு ஸ்டாப்புக்கு மேல் காணாமல் போகும் என்கிறார் அண்ணன். இரண்டு ஸ்டாப் என்றால் கால்வாசி வெளிச்சம்தான் மிச்சம்.

அப்படியானால் சக்தி கூடிய ஃபிளாஷாகப் பார்த்து வாங்கத்தானே வேண்டும்? பிலிம் காலத்தில் அதுதான் சரியான பதில். ஐஎஸ்ஓ 100, 200 பிலிமில் சுவரைப் பார்த்து அடித்தால் கட்டுப்படியாகாது. அதனால் நெற்றிக்கு நேராக அடித்தார்கள். வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். இரண்டு மீட்டரில் நிற்கும் பெண்ணுக்குச் சரியாக விழுந்தால் நான்கு மீட்டரில் நிற்கும் அத்தைக்குக் கால் பங்கு, ஆறு மீட்டரில் இருக்கும் மாமாவுக்கு ஒன்பதில் ஒன்று. பழைய ஆல்பங்களில் பெண்ணும் மாப்பிள்ளையும் வெளுத்து, சொந்தபந்தமெல்லாம் இருட்டுக்குள் போனதற்குக் காரணம் இதுதான். இன்றைய கேமராவில் ஐஎஸ்ஓ 1600 வைத்தால் பதினாறு மடங்கு கைக்கு வருகிறது. ஆகவே சக்திக்காக மட்டும் காசைக் கொட்டுவது இப்போது வீண் என்பதே என் எண்ணமும். தலை எந்தப் பக்கமெல்லாம் திரும்புகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். மேலே மட்டும் நிமிரும், பக்கவாட்டில் திரும்பாத ஃபிளாஷ் என்றால் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்ததுமே கூரையை நோக்கி அடிக்கும் அதன் ஆட்டம் முடிந்துவிடும்.

தாலி கட்டும் திருப்பூட்டு நேரம் நெருங்கியபோது எங்கே பார்த்தாலும் உயர்த்திப் பிடித்த மொபைல்கள். வரிசையில் உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருவர் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, “ஏப்பா, இந்த வெட்டு வெளிச்சம் இல்லாம எடுக்கப்படாதா?” என்றார். “ஒங்க மேல அடிக்கல ஆச்சி, சுவத்து மேலதான் அடிக்கிறேன். கையை எடுங்க, கண்ணு கூசாது” என்றார் அண்ணன். ஆச்சி விரல் இடுக்கு வழியாக ஒன்றிரண்டு அடி பார்த்துவிட்டுக் கையை இறக்கினார். சுவரிலிருந்து பக்கவாட்டில் வந்த வெளிச்சத்தில் கன்னச் சுருக்கங்களும் வைரத்தோட்டின் கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்த படத்தைக் கேமரா திரையில் பார்த்தேன். வியர்த்த நெற்றியில் நேர் ஃபிளாஷ் போடும் அந்த வெள்ளைத் திட்டு அதில் இல்லை.

இதற்கு மாறான கோரிக்கையும் வரும். ‘பார்ட்டி’ முகம் வெள்ளையாக வேண்டும் என்கிறது. அதற்காக ஃபிளாஷை ஏற்றி அடித்து மாநிற முகங்களைச் சுண்ணாம்பாக்கும் படங்கள் இன்னும் ஆல்பம் ஆகிக்கொண்டுதான் இருக்கின்றன. அண்ணன் அதைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. “கேட்டாக் குடுக்கணும்ல” என்பதோடு நிறுத்திக்கொண்டார். எனக்கு அது அவ்வளவு லேசாகத் தோன்றவில்லை.

பட்டாலையில் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி ஒன்று. தம்பியின் படங்கள் அதன் முன்னால் மட்டும் இருண்டு வந்தன. டிடிஎல் முறையில் படம் விழுவதற்குச் சற்று முன் ஃபிளாஷ் சின்னதாக ஒருமுறை மின்னும். திரும்பி வருவதை லென்ஸ் வழியாக அளந்து, எவ்வளவு அடிக்க வேண்டும் என்று கேமரா தீர்மானிக்கும். கண்ணாடி அந்த மின்னலை அப்படியே திருப்பியதும் வெளிச்சம் ஏராளம் என்று நினைத்துக் கையைச் சுருக்கிக்கொள்கிறது. வேட்டி சட்டையும் அதைத்தான் செய்யும். ஃபிரேம் முழுக்க வெள்ளை வேட்டி நின்றால் முகங்கள் கறுக்கும், சாயங்காலம் கறுப்புக் கோட்டு வந்தால் முகங்கள் வெளுக்கும். வேட்டிக்கு ஒரு ஸ்டாப் ஏற்று, கோட்டுக்கு அரை ஸ்டாப் இறக்கு என்பது அண்ணன் வாய்ப்பாடு.

சாயங்கால வரவேற்பு காரைக்குடியில், ஏசி மண்டபத்தில். தாழ்ந்த ஃபால்ஸ் சீலிங், ஆனால் தங்க நிறப் பெயிண்ட். அதில் பட்டு வந்தால் எல்லோருக்கும் மஞ்சள்காமாலை. மேடையில் வேறு ஊதாவும் பச்சையுமாக எல்இடி. காலையில் கைகொடுத்த வித்தை எதுவும் இங்கே எடுபடவில்லை. மேடைக்கு இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் குடை மாட்டி, தனித்தனி ஃபிளாஷ் வைத்து, கேமரா மேல் இருந்த டிரிகரால் ரேடியோ வழியாக அடிக்க வைத்தார்கள்.

இங்கே வேலை செய்வது கலையல்ல, தாக்குப்பிடிப்பு. மொய்க் கவரோடு வரிசை நகர்ந்துகொண்டே இருக்கிறது. குடும்பம் ஏறும், நிற்கும், இரண்டு அடி, இறங்கும். ஃபிளாஷ் அடுத்த அடிக்குத் தயாராக எத்தனை நொடி என்பதுதான் இப்போது கேள்வி. நாலு ஏஏ செல் போடும் ஃபிளாஷ் முழுச் சக்திக்குப் பிறகு இரண்டரை நொடிக்கு மேல் கேட்கும். செல் சூடேறி இறங்க இறங்க நொடிகள் கூடும். கோடாக்ஸ் வி860-2 மாதிரி லித்தியம் பேட்டரி போட்டவை ஒன்றரை நொடியில் எழுந்துவிடும், ஒரு சார்ஜில் முழுச் சக்தியில் 650 முறை அடிக்கும் என்று கம்பெனி சொல்கிறது. யாரும் முழுச் சக்தியில் ஓட்டுவதில்லை. கால் சக்தி, அரைக்கால் சக்தியில் ஓட்டினால் சூடு ஏறாது, காத்திருக்கவும் வேண்டாம். அட்சதை போடும்போது இன்னொரு லாபமும் உண்டு. வி860-2 முழுச் சக்தியில் எரியும் நேரம் ஏறக்குறைய 1/300 நொடி. சக்தி குறையக் குறைய அது 1/20000 வரை சுருங்கும். பறக்கும் அரிசி கோடாக இழுபடாமல் மணியாக நிற்கும்.

இதற்கிடையே வீடியோக்காரருக்கும் தம்பிக்கும் உரசல். வீடியோ கேமராவின் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிப்பதால், நடுவில் ஃபிளாஷ் மின்னினால் பாதித் திரை மட்டும் வெளுத்துப் பட்டை விழுகிறது. “மாலை மாத்துற ஷாட்ல மூணு பட்டை. எடிட்டிங்ல நான் என்னன்னு சொல்றது?” என்றார் வீடியோக்காரர். அவருடைய எல்இடி நேராகக் கண்ணில் அடித்துத் தன் படத்தைக் கெடுக்கிறது என்றார் தம்பி. இருவருக்கும் சம்பளம் தருவது ஒரே பார்ட்டி. மாலை மாற்றும்போது ஃபிளாஷ் வேண்டாம், எல்இடியைப் பக்கவாட்டில் உயர்த்திப் பிடி என்று அண்ணன் தீர்ப்புச் சொல்ல, விளக்குப் பையனுக்குத்தான் கை கடுத்தது.

பந்தியில் தம்பி தன் கணக்கைச் சொன்னார். சொந்தமாகச் சின்ன ஆர்டர்கள் எடுக்கத் தொடங்கியிருக்கிறார். டிடிஎல் உள்ள ஃபிளாஷ் ஒன்று வாங்குவதா, அந்தக் காசில் மேனுவல் மட்டும் உள்ள கோடாக்ஸ் டிடி600 இரண்டு வாங்குவதா? மேடையில் தூரம் மாறப்போவதில்லை, ஒரு தடவை செட் பண்ணினால் ராத்திரி வரை அதேதான் என்பது அவர் வாதம். அண்ணன் ஒப்பவில்லை. மாப்பிள்ளை அழைப்பில் வாசல், ரேழி, மண்டபம் என்று ஓடுகிறபோது திருகிக்கொண்டிருக்க நேரமிருக்காது என்றார். ஆளைத் துரத்துகிற இடத்தில் டிடிஎல், ஆள் வந்து நிற்கிற இடத்தில் மேனுவல் என்று பார்த்தால் இருவர் சொல்வதும் சரி. தம்பிக்கு வருகிறவை காதுகுத்தும் பிறந்தநாளும்தான் என்பதால் நான் அவர் கட்சி.

“எதை வாங்கினாலும் ஒங் கேமராவுக்கு உள்ள எழுத்தப் பாத்து வாங்கு” என்றார் அண்ணன், ரசத்தை உறிஞ்சிக்கொண்டே. கேனனுக்கு சி, நிகானுக்கு என், சோனிக்கு எஸ் என்று ஒரே மாடலைத் தனித்தனியாக விற்கிறார்கள். மாற்றி வாங்கினால் நடுப் பின் மட்டும்தான் பேசும், டிடிஎல் வராது. செகண்ட் ஹேண்ட் என்றால் அடிக்கால் ஆடுகிறதா, பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பரணில் கிடக்கும் பிலிம் காலத்து ஃபிளாஷ் எதையும் டிஜிட்டல் கேமராவில் மாட்டக் கூடாது. சிலவற்றின் டிரிகர் வோல்டேஜ் 200ஐத் தாண்டும், கேமரா போய்விடும். தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, “ரெண்டு டிடி600க்கு எட்டு செல்லு, மாத்துறதுக்கு எட்டு. சார்ஜர் எத்தனை வேணும்ணே?” என்று கேட்டார்.