பின்சில்லின் அகலம்

சில வீடுகளிலே பாட்டனார் காலத்துப் பித்தளைக் குத்துவிளக்கு இருக்கும். சில வீடுகளிலே கறையான் அரித்த ஏட்டுச் சுவடிகள் இருக்கும். எங்கள் குடும்பத்திலே முதுசொமாக வந்து சேர்ந்ததோ ஒரு மோட்டார்க் கார்!

1964ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தில் எந்திரவியல் கற்று மீண்ட என் தமையனார் அதனைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். ட்ரயம்ப் ஸ்பிற்பயர் என்பது அதன் பெயர். இரண்டாவது உலக யுத்தத்தில் ஆகாயத்திலே புகழ்பெற்ற ஒரு போர் விமானத்தின் பெயர் அது. பெயர் பெரிதாயினும் ஆள் சிறிது. இருவர் மாத்திரமே அமரலாம். எந்திரம் 1147 கன சென்ரிமீற்றர். வலு 63 குதிரை. எனினும் மிக்கலொட்டி என்ற இத்தாலிய ஓவியர் வரைந்த அதன் வடிவத்தைக் காணக் கண்டி வீதியிலே பாடசாலைப் பிள்ளைகள் கூடிநின்றதை நான் அறிவேன். நானும் அக்காலத்திலே அவர்களுள் ஒருவனாக இருந்தேன்.

1983ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே எங்கள் குடும்பம் திக்குக்கு ஒன்றாய்ச் சிதறியது. அண்ணர் மனைவியோடும் ஒரு வயதுக் குழந்தையோடும் கனடாவுக்குச் சென்றார். காரை எங்கள் வீட்டு மோட்டார் வேலைகளைச் செய்துவந்த சிங்களத் தொழிலாளி ஒருவர் இரவோடிரவாகத் தம்முடைய கராஜுக்குத் தள்ளிச் சென்று, படங்கினால் மூடி, அதன்மேற் பழைய இரும்புகளை அடுக்கி மறைத்து வைத்தார். அவரை நாங்கள் எல்லோரும் 'பாஸ்' என்றே அழைப்போம். நாடு அமைதியடைந்த பின்னர் கார் என்னிடம் வந்தது. பாஸின் நட்பும் உடன் வந்தது.

அண்ணர் 2013ஆம் ஆண்டு ரொறன்ரோ நகரிற் காலமானார். மறுவருடம் அவருடைய மகன், முப்பத்திரண்டு வயது இளைஞன், தகப்பனாரின் காரைக் காணவேண்டுமென்று கண்டிக்கு வந்தான். முதல் நாள் முழுவதும் அவன் அதனைக் கழுவினான், துடைத்தான், அருகே இருந்து பார்த்தான். இரண்டாம் நாட் காலையிலே என்னிடம் வந்தான்.

"சித்தப்பா, எல்லாம் வடிவாய்த்தான் இருக்கு. பின்சில்லு இரண்டும் மட்டும் சைக்கிள் சில்லுப்போல மெலிஞ்சு நிக்குது. அகலமான ரயர் போடுவமே?"

அவன் கேட்டதிலே வியப்பில்லை. விரைவுக் கார்களின் படங்களிலெல்லாம் பின்சில்லு பருத்தும் முன்சில்லு சிறுத்தும் இருப்பதை நாம் காண்கிறோம். 1973ஆம் ஆண்டிலே ஜேர்மனியில் வெளிவந்த போர்ஷே கரேரா ஆர்.எஸ். என்ற புகழ்பெற்ற காருக்கு முன்னே 185 மில்லிமீற்றர் ரயரும் பின்னே 215 மில்லிமீற்றர் ரயரும் பூட்டியிருந்தார்கள். ஆனால் அந்தக் காரின் எந்திரம் பின்னாலே இருக்கிறது. பாரத்தின் பெரும்பகுதியும் பின்னாலே. 210 குதிரைவலுவும் பின்சில்லு வழியாகவே வீதியிற் பாய்கிறது. சுமை எங்கேயோ அங்கே அகலம் வேண்டும். எங்கள் காரிலோ எந்திரம் முன்னாலே. வலுவும் அதன் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு.

இதனை அப்பொழுதே நான் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தகப்பனை இழந்து, கடல் கடந்து வந்து, ஒன்றே ஒன்றைக் கேட்கிற பிள்ளைக்கு மறுப்புச் சொல்ல வாய் வரவில்லை என்பது ஒரு காரணம். அவன் என்மீது பிரியமாக இருக்கவேண்டுமென்ற ஆசை மற்றொரு காரணம். இரண்டாவதே பெரிது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

பாஸின் கராஜுக்குப் போனோம். அவருக்கு அப்பொழுது எழுபத்தைந்து வயதிருக்கும். பிள்ளையின் விருப்பத்தை நான் சிங்களத்திலே எடுத்துச் சொன்னதும், அவர் குந்தியிருந்து பின்சில்லை நெடுநேரம் பார்த்தார்.

"மாஸ்டர், பின்னுக்கு இவ்வளவு பலத்தைக் கொடுத்துவிட்டால், முன்னுக்கு யார் பதில் சொல்வது?" என்று கேட்டார்.

மருமகன் என் முகத்தைப் பார்த்தான். பாஸ் சொன்னது என்னவென்று வினவினான். "சிறிது வேலை இருக்கிறதாம்" என்று மொழிபெயர்த்தேன். ஐம்பது ஆண்டு மோட்டார்த் தொழிலின் அனுபவத்தை மூன்று சொற்களிலே நான் மறைத்துவிட்டேன்.

முன்னே இருந்த 145 மில்லிமீற்றர் ரயர்களை அப்படியே விட்டுவிட்டுப் பின்னே 175 மில்லிமீற்றர் ரயர்களை, சற்று அகன்ற றிம்களோடு பூட்டினார்கள். மட்காட்டின் உள்விளிம்பிலே ரயர் உராய்ந்தபடியால் பாஸ் அந்த விளிம்பைத் தட்டி மடித்துவிட்டார். ரயரின் உயரமும் ஒரு சிறிது கூடிற்று. ஆதலால் வேகமானி அறுபது மைல் காட்டும்பொழுது கார் உண்மையிலே அறுபத்தொன்றுக்கு மேல் ஓடும். இதனையும் பாஸ் சொன்னார். இதனை மாத்திரம் நான் ஒழுங்காக மொழிபெயர்த்தேன்.

பார்வைக்குக் கார் அழகாகவே இருந்தது. அதையும் மறைப்பானேன்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகியங்கனை வீதியாற் புறப்பட்டோம். பதினெட்டு முடக்குகளுக்குப் பேர்போன அந்த மலைவீதி அண்ணருக்கு மிகவும் பிரியமானது. கலியாணமான புதிதிலே அண்ணியை அவ்வழியாக ஏற்றிச்சென்ற கதையைக் கனடாவிலே மகனுக்குப் பன்முறை சொல்லியிருக்கிறார். பிள்ளை ஓட்டினான், நான் பக்கத்திலே இருந்தேன். வெயில் அடித்தது, வீதி உலர்ந்து கிடந்தது. உடுதும்பறையைக் கடந்ததும் இறக்கம் தொடங்கியது. இடப்பக்கம் மலை, வலப்பக்கம் பள்ளம்.

இடப்புறமாகத் திரும்பும் ஒரு வளைவிலே அது நிகழ்ந்தது. வேகம் முப்பத்தைந்து மைலுக்கு மேல் இராது. பிள்ளை ஸ்டியறிங்கைத் திருப்பினான். பின்சில்லுகள் வீதியைப் பற்றிக்கொண்டு முன்னோக்கித் தள்ளின. மெலிந்த முன்சில்லுகளோ அவனுடைய கட்டளையை ஏற்கவில்லை. கார் வளைவை விட்டு வெளிப்புறமாக, பள்ளத்தை நோக்கி நகர்ந்தது. அவன் பயந்துபோய் எவரும் செய்யக்கூடியதையே செய்தான். அக்ஸிலேற்றரிலிருந்து சடுதியாகக் காலை எடுத்தான்.

மறுகணம் காரின் பின்புறம் உயர்ந்ததை என் முதுகெலும்பு உணர்ந்தது. பின்சில்லுகள் எங்களை விட்டுப் பிரிந்து முன்னே செல்ல முயன்றாற்போல இருந்தது. கார் பம்பரமாய்ச் சுழன்று, வந்த வழியைப் பார்த்தபடி, மலைப்பக்கத்துக் கானுக்குள் வாலை இறக்கி நின்றது. சிறிது நேரத்திலே அதே வளைவில் ஒரு பஸ் ஏறிவந்தது. அதிலிருந்த ஆண்கள் இறங்கிக் காரைத் தூக்கி வீதியில் வைத்தார்கள். ஒரு தாயார் எங்களுக்குத் தண்ணீர்ப் போத்தலைத் தந்தார். காயம் எவருக்குமில்லை. பஸ் சற்று முந்தி வந்திருந்தால் இதனை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அன்றிரவு பாஸ் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். பிறகு தம் இரு கைகளையும் சிறகுபோல விரித்துக் காட்டி விளக்கினார். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றிலே பின்சில்லின் அச்சு நடுப்பகுதியில் மாத்திரமே மூட்டுப் பெற்றிருக்கும். பறவையின் சிறகைப்போல் அது மேலும் கீழும் அசையும். வளைவின் நடுவிலே காலை எடுத்தால் பாரம் முன்னுக்குச் சாய்கிறது, பின்புறம் எழும்புகிறது, எழும்பவே இரு சில்லுகளின் அடியும் உள்ளே மடிகின்றன. அகலமான ரயர் அப்பொழுது தன் அகலம் முழுவதாலும் வீதியைத் தொடுவதில்லை. வெளி ஓரத்தினாலே மாத்திரம் நிற்கிறது. மேலும், வழுக்காமல் இறுகப் பிடிக்கின்ற அந்த ரயரே ஒரு கோலைப்போல ஊன்றிக் காரை இன்னும் மேலே நெம்புகிறது. நாங்கள் காசு கொடுத்து வாங்கிய பலம் எங்களையே தூக்கி எறிய முயன்றது.

இத்தகைய அச்சுப் பற்றி அமெரிக்காவிலே பெரும் விவாதம் நடந்ததுண்டு. 1965ஆம் ஆண்டில் ரால்ஃப் நேடர் என்பவர் எழுதிய நூலின் முதல் அத்தியாயமே கோர்வெயர் என்னும் காரின் பின்னச்சைப் பற்றியது. அக்காரின் முன்ரயருக்குச் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தலும் பின்ரயருக்கு 26 இறாத்தலும் காற்றடிக்கும்படி உற்பத்தியாளர் விதித்திருந்தனர். காற்றின் அளவிலே கூட முன்னுக்கும் பின்னுக்கும் அத்தனை நுட்பமான ஒப்பந்தம்! பின்னர் 1972ஆம் ஆண்டில் வெளிவந்த அரசாங்க ஆய்வு, அக்கார் அக்காலத்து ஏனைய கார்களைவிட மோசமானதன்று என்று கூறியது. எங்கள் காரும் மோசமானதன்று. அண்ணர் பத்தொன்பது வருடம் அதனை ஓட்டினார், ஒருமுறையேனும் சுழன்றதில்லை. அவர் அதன் குணத்தை அறிந்து ஓட்டினார்.

பின்சில்லுக்குப் பிடிப்பு வேண்டாமென்று நான் கூறவில்லை. இரண்டு புதிய ரயர்களே வாங்க வசதியுள்ளவர் அவற்றைப் பின்னுக்குப் போடுவதே நன்று என்று அறிந்தோர் சொல்வர்; பின்புறம் முதலில் வழுக்கினாற் கார் சுழலும் என்பதே காரணம். ஆனால் அகலம் வேறு, பிடிப்பு வேறு. ஒரு சில்லை மாற்றுகிறவன் நான்கு சில்லையும், அச்சையும், ஓட்டுகிறவனின் காலையும் சேர்த்தே சிந்திக்க வேண்டும்.

பாஸ் போன பின்னர் நான் பிள்ளையை அழைத்து உண்மையைச் சொன்னேன். பாஸ் கேட்ட கேள்வியைச் சொன்னேன். இன்னுமொன்றையும் சொன்னேன். 1983ஆம் ஆண்டிலே விமானமேறும் நாளில் அண்ணர் காரின் திறப்பை என் கையிலே தந்து, "தம்பி, வளைவுக்கு முன்னாலே வேகத்தைக் குறை. வளைவுக்குள்ளே காலை எடுக்காதே" என்று சொல்லிச் சென்றார். வீட்டையும் வளவையும் விட்டுப் போகிற மனிதர் கடைசியாகச் சொன்ன புத்திமதி அதுதான்.

பிள்ளை நெடுநேரம் பேசாமல் இருந்தான்.

"அப்பா எனக்கு இதைச் சொல்லேல்லை, சித்தப்பா" என்றான் கடைசியில்.

எப்படிச் சொல்வார்? கனடாவிலே அந்தக் கார் இல்லை. சொல்லவேண்டிய தேவையும் எழவில்லை. அந்த வார்த்தை இவ்வுலகத்திலே என் ஒருவனிடத்திலேதான் எஞ்சியிருந்தது. தமையனார் தம் மகனுக்காக என்னிடம் விட்டுச்சென்ற முதுசொம் கார் என்றே முப்பது வருடமாக எண்ணியிருந்தேன். காரோடு சேர்த்து அந்த வார்த்தையையும் ஒப்படைக்க வேண்டியிருந்தது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. காரைக் கொடுத்துவிட்டு வார்த்தையை வைத்துக்கொண்டேன்.

மறுநாள் பழைய 145 ரயர்கள் மீண்டும் ஏறின. புதியவற்றை வீணாக்கவில்லை. அந்த அளவு ரயரே பொருத்தமான பழைய ஜப்பானியக் கார் ஒன்றுக்குப் பாஸ் அவற்றைப் பூட்டிக் கொடுத்தார். அங்கே அவை நன்றாகவே ஓடின. ரயரிலே பிழையில்லை, அது இருந்த இடத்திலேதான் பிழை.

கனடாவுக்குத் திரும்புமுன் பிள்ளை மீண்டும் ஒருமுறை மகியங்கனைக்குக் காரை ஓட்டினான். இம்முறை ஒவ்வொரு வளைவுக்கும் முன்னதாகவே வேகத்தைக் குறைத்தான்; வளைவுக்குள்ளே கால் அசையவில்லை. அந்த இடத்தைக் கடக்கும்பொழுது நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. மகியங்கனையிலே தேநீர் அருந்தும்போது அவனாகவே சொன்னான்: "மெலிஞ்ச சில்லுத்தான் இந்தக் காருக்கு வடிவு, சித்தப்பா."

வாசகர்களே, இளையோர் நம்மிடம் வந்து ஒன்றைக் கேட்கும்போது, அவர்களுடைய முகம் வாடிவிடுமே என்று அஞ்சி நாம் அறிந்ததை விழுங்கிவிடுகிறோம். அதனை அன்பென்றும் எண்ணிக்கொள்கிறோம். முகம் வாடினால் ஒருநாளிலே மலரும். மலைவீதியிலே தவறிய கார் மீள்வது எப்பொழுதும் நிச்சயமன்று.