பதினோராவது ஹோல்ல ஒரு நாலு

"அண்ணே, ஏழு எடுத்துட்ட! கலக்குற!"

தென்காசியிலேர்ந்து தங்கச்சி அனுப்பின முதல் மெசேஜ் இதுதான். எனக்குத் தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. ஏன்னா, டிஸ்க் கால்ஃப்ல ஏழுங்கிறது பரீட்சையில ஏழு மார்க் வாங்கினதுக்குச் சமம். எத்தனை எறியில தட்டு கூடைக்குள்ள விழுதோ, அதுதான் ஸ்கோர். கம்மியா இருந்தா கெத்து. கூடினா சங்கு!

முதல்ல விளையாட்டைச் சொல்லிடறேன். கால்ஃப் மாதிரியேதான். ஆனா குச்சி, பந்து, குழி எதுவும் கிடையாது. பிளாஸ்டிக் தட்டை வீசி, சங்கிலி தொங்கற ஒரு இரும்புக் கூடையில போடணும். சங்கிலியில பட்டு 'ஜல்'னு விழும் பாருங்க, அந்தச் சத்தத்துக்காகவே அடிமையாயிட்டவங்க நிறைய பேர். 1976-ல எட் ஹெட்ரிக்னு ஒருத்தர் பி.டி.ஜி.ஏ.ங்கிற சங்கத்தை ஆரம்பிச்சார். அந்தக் கூடையும் அவர் கண்டுபிடிச்சதுதான்.

நான் படிக்க வந்த ஊர் எம்போரியா. அமெரிக்காவுல கன்சாஸ் மாநிலம். சுமார் 24,000 பேர் இருக்கற சின்ன ஊர். ஆனா 2016-லயும் 2022-லயும் இந்த விளையாட்டோட உலகச் சாம்பியன்ஷிப் இங்கதான் நடந்துச்சு. எஸ்டோனியாவுலேர்ந்து வந்த கிறிஸ்டின் டட்டார் 2022-ல பெண்கள் பட்டத்தைத் தூக்கிட்டுப் போனதும் இங்கேர்ந்துதான். இப்படி ஒரு ஊர்ல இருந்துட்டுத் தட்டைத் தொடாம எப்படி இருக்கறது? ரூம்மேட் ஒரு பழைய தட்டைக் கொடுத்தான். ஆறு மாசத்துல, புதுசா விளையாடறவங்க பிரிவுல பேர் கொடுத்துட்டேன். சின்னப் போட்டிதான், பீட்டர் பேன் பார்க்குல. ஜெயிச்சா ரெண்டு புதுத் தட்டு பரிசு.

அங்க போனா அம்பயரே கிடையாது. நாலு பேர் கொண்ட குரூப். நமக்கு நாமே அம்பயர், நாமே ஸ்கோரர். முன்னெல்லாம் பேப்பர் கார்டுல எழுதி, கடைசியா கொண்டுபோய் மேஜையில கொடுப்பாங்களாம். அத்தனையும் கூட்டிப் பார்த்து முடிவு சொல்ற வரைக்கும் வெட்டியா உக்காந்திருக்கணும். இப்ப போன் வந்தாச்சு. ஒவ்வொரு ஹோல் முடிஞ்சதும் தட்டினா, உலகத்துல எந்த மூலையிலேர்ந்தும் பார்க்கலாம். கூட்டல்ல தப்பே வராது.

"நீ கம்ப்யூட்டர் படிக்கிற பையன்தானே, நீயே போட்டுரு"ன்னு என் தலையில கட்டிட்டாங்க. குரூப்ல ஒரு தாத்தா இருந்தார், ரயில்வேயில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவர் மட்டும் ஒரு குட்டிப் பென்சிலை எடுத்து, "எனக்கு இதுதான் பழக்கம்"னு பேப்பர்ல தனியா எழுதிக்கிட்டார். மனசுக்குள்ள சிரிச்சேன்.

லிங்க்கைத் தங்கச்சிக்கு அனுப்பியிருந்தேன். இங்க காலையில பத்து மணின்னா அங்க ராத்திரி எட்டரை. மூணாவது ஹோலுக்குள்ள 'கம்மின்னா நல்லது'ங்கறதைப் புரிஞ்சுக்கிட்டா. அப்புறம் கிரிக்கெட் கமென்ட்ரி ரேஞ்சுக்கு மெசேஜ் வர ஆரம்பிச்சுது. "உனக்கு மேல ரெண்டு பேர்தான்." "ஒருத்தன் அஞ்சு எடுத்துட்டான், விடாதண்ணே!" அம்மாவையும் தூங்க விடலையாம்.

பதினோராவது ஹோல். கன்சாஸ் காத்து இருக்கே, அது நம்ம பேச்சைக் கேக்காது. என் தட்டு நேரா தண்ணியில போய் உக்காந்துச்சு. ஓ.பி.! (நம்ம ஊர்ல 'ஓ.பி. அடிக்கிறது' சுகமான விஷயம். இங்க எல்லைக்கு வெளியே போறதுக்குப் பேர் ஓ.பி. ஒரு எறி தண்டம்.) எறிஞ்சது நாலு, தண்டம் ஒண்ணு, மொத்தம் அஞ்சு. கடுப்புல, "தண்ணியில போட்டுட்டேன்"னு தங்கச்சிக்கு அனுப்பிட்டு, ஸ்கோரைத் தட்டினேன்.

ஸ்கோர் போடறதுக்குன்னு ஒரு முறை இருக்கு. ஒவ்வொருத்தர் பேரையும் கூப்பிடணும். அவங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஸ்கோரைச் சொல்லணும். நாம அதைப் போட்டுட்டு, திருப்பிச் சத்தமா வாசிக்கணும். முதல் நாலஞ்சு ஹோல்ல ஒழுங்காத்தான் செஞ்சேன். அப்புறம், அதான் ஸ்க்ரீன்லயே தெரியுதேன்னு விட்டுட்டேன். மத்தவங்களும் கேக்கலை.

கடைசியில 58. முதல் இடம், இன்னொருத்தனோட சமம்! மோதிப் பார்த்து ஜெயிச்சா தட்டு எனக்கு. நாலு பேரும் போனை எட்டிப் பார்த்து 'ஓகே'ன்னாங்க. சப்மிட் அமுக்கிட்டேன்.

ரெண்டே நிமிஷம். போன் அதிர்ந்துச்சு.

"அண்ணே, 11-ல எப்படி நாலு? தண்ணியில போட்டா ஒண்ணு கூடும்னு நீதானே சொன்ன?"

வயித்துல புளியைக் கரைச்சுது. திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன். அஞ்சேதான்.

பொய் சொல்லலை, அப்போ எனக்கு முதல்ல தோணினது 'யாருக்குத் தெரியப் போகுது?'ங்கறதுதான். குரூப்ல யாரும் கவனிக்கலை. கவனிச்ச ஒரே ஆள் பத்தரை மணி நேரம் தள்ளித் தென்காசியில, நைட்டியோட கட்டில்ல படுத்திருக்கா. சப்மிட் பண்றதுக்கு முன்னாடின்னா சும்மா மாத்திருக்கலாம். பண்ணினதுக்கு அப்புறம்னா ஸ்கோரைத் திருத்தி, மேல ரெண்டு எறி தண்டம். 58, 61 ஆயிடும். கார் பார்க்கிங்ல ரெண்டு ரவுண்டு நடந்தேன். தண்ணி குடிச்சேன். எதிராளி பிளே ஆஃபுக்கு வார்ம் அப் பண்ணிட்டிருந்தான், பாவி, ரொம்பச் சந்தோஷமா.

போட்டி நடத்தறவர்கிட்டப் போய்ச் சொன்னேன். ஏதாவது தட்டிக் கொடுப்பார்னு எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் "எந்த ஹோல்?"னு கேட்டார், "சரி, தேங்க்ஸ்"னார், தட்டினார். அவ்வளவுதான். ஆறாவது இடம்!

தாத்தாகிட்ட விஷயத்தைச் சொன்னதும் பேப்பரைப் பிரிச்சார். 11-க்கு நேரா என் கட்டத்துல பென்சில்ல அழகா ஒரு 5. ரெண்டு பேரும் அதையே பார்த்துக்கிட்டு நின்னோம். "போன் சரியாத்தான் இருக்கும்னு ஒத்துப் பார்க்காம விட்டுட்டேன்பா"ன்னார். என்னைவிட அவருக்குத்தான் வருத்தம் அதிகம். "நீ வாசிச்சிருந்தா நான் சொல்லியிருப்பேன்"னு மட்டும் சொல்லிட்டுப் பென்சிலைப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டார்.

போன்ல நாலு மெசேஜ் வரிசையா நின்னுச்சு.

"அண்ணே, 61 காட்டுது."

"59 தானே வரணும்? மிச்சம் ரெண்டு எதுக்கு?"

"நான் கேட்டதாலயா?"

"கேக்காமலே இருந்திருக்கலாமோ?"

"மணி பன்னெண்டு ஆகப்போகுது, போய்த் தூங்கு"ன்னு அனுப்பினேன். பதிலுக்கு, "அடுத்த மேட்ச் எப்போ?"ன்னு வந்துச்சு.