தழும்புக்குக் கீழே ஒரு சத்தம்

சூட்டுக் காயம் எண்டால் நாங்கள் இரண்டு முடிவைத்தான் நினைக்கிறம்: ஒன்று ஆள் இல்லை, மற்றது ஆள் தப்பிவிட்டார். தப்பியவரின் உடம்புக்குள் அந்தக் காயம் பிறகும் வேலை செய்துகொண்டிருக்கலாம் என்பதை மாமாவின் கால்தான் எனக்குச் சொல்லித் தந்தது.

2009இல் அவருக்குத் தொடையில் சன்னம் பட்டது. ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் போய்விட்டது. எலும்பு முறியவில்லை, காயமும் ஆறியது. சில வருடங்களில் அந்தக் கால் மட்டும் வீங்கி, நாளங்கள் புடைக்கத் தொடங்கின. போன கிளினிக்கில் வெரிகோஸ் என்றார்கள். தழும்பைப் பற்றிக் கேட்டால் "கம்பி குத்தினது" என்பார் மாமா. எங்களுக்கும் அதுதான் கட்டளை. "சூடு எண்டு சொன்னா எங்க, எப்ப, ஏன் எண்டு விசாரணை தொடங்கும் பிள்ளை."

பல வருடங்களுக்குப் பிறகு ஒரு இளம் டொக்டர் தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தா. உள்ளே பூனை உறுமுவதுபோல ஓர் அதிர்வு. ஸ்டெதஸ்கோப்பில் விட்டுவிடாத இரைச்சல். "ஐயா, உண்மையில என்ன நடந்தது?" என்றா. அன்றுதான் மாமா சொன்னார். மிச்சத்தை டொப்ளர் ஸ்கான் காட்டியது.

ஓ.எல். விஞ்ஞானத்தில் படித்ததுதான்: நாடியில் இரத்தம் அழுத்தத்தோடு ஓடும், நாளத்தில் மெதுவாகத் திரும்பும். தொடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சன்னம் இரண்டையும் கிழித்தால், சிலவேளை ஆறும்போது ஒன்றோடொன்று திறந்தபடியே ஒட்டிவிடும். இரத்தம் காலுக்குப் போகாமல் குறுக்கு வழியால் திரும்பும். கவனிக்காமல் விட்டால், வருடக்கணக்காகக் கூடுதலாக உழைத்த இதயமே பலவீனமாகலாம். வில்லியம் ஹன்ரர் இதை 1757இலேயே விபரித்துவிட்டார். அந்த இடத்தை விரலால் அழுத்தினால் நாடித்துடிப்பு குறைவதை 1875இல் நிக்கொலடோனி கவனித்தார்.

இன்னும் இரண்டு உண்டு. நாடியின் சுவர் கிழிந்து, கசிந்த இரத்தம் பக்கத்திலேயே துடிக்கிற கட்டியாகத் தங்கலாம். அதைச் சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறினால் உயிருக்கே ஆபத்து. மிக அரிதாக, சன்னமே இரத்தக் குழாய்க்குள் புகுந்து ஓட்டத்தோடு வேறிடம் போய்விடும். உள்ளே போன துவாரம் இருக்கு, வெளியே வந்த துவாரம் இல்லை, அந்த இடத்து எக்ஸ்ரேயில் சன்னமும் இல்லை என்றால், உடம்பின் மற்ற இடங்களில் தேடவேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முதல் பரிசோதனை ஒரு கேள்விதான்: இந்தக் காயம் எப்படி வந்தது? அந்தக் கேள்விக்குப் பயந்து பொய் சொல்லப் பழகிய ஊரில், நோயும் அந்தப் பொய்க்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது. உங்கள் வீட்டிலும் பழைய தழும்போடு ஒருவர் இருந்து, அந்தக் கை கால் வீங்கினாலோ, தழும்பு அதிர்ந்தாலோ, டொக்டரிடம் கூடப் போங்கள். உண்மையைச் சொல்லும்போது பக்கத்தில ஒராள் இருக்கவேணும்.